பழைய ஸ்விட்சின் பக்கம் ஏன் திறக்க மறுக்கிறது?

கேள்வி: சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளை நான் ஒருவனே பார்க்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் அமைத்துவிட்டுப் போன எச்.பி. புரோகர்வ் ஸ்விட்சும் சிஸ்கோ ஏ.எஸ்.ஏ. 5505 ஃபயர்வாலும்தான் இன்றும் ஓடுகின்றன. பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்றில் பிரவுசர் வழியாக இரண்டையும் திறந்து பார்ப்போம். போன மாதம் அது பழுதாகிவிட்டது. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் ஸ்விட்சின் பக்கம் பாதிதான் வருகிறது. பிளக்இன் இல்லை என்கிறது. ஜாவாவை நிறுவி, எட்ஜ் பிரவுசரின் ஐ.இ. மோடில் திறந்தால் 'அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி' என்று ஒரு கட்டம் வந்து நின்றுவிடுகிறது. ஃபயர்வாலோ 'அனேபிள் டு லாஞ்ச் டிவைஸ் மேனேஜர்' என்கிறது. நண்பர் ஒருவர் பழைய ஜாவா 7-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பி, பாதுகாப்பு அளவை 'மீடியம்' என்று இறக்கச் சொன்னார். அப்படியே செய்துவிட்டேன். அதன்பிறகு பயம் பிடித்துக்கொண்டது. நெட்வொர்க்கில் யாராவது புகுந்துவிட்டார்களா? நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று முதலாளி நினைக்கிறார். காலண்டர் சீசன் வேறு, புதிய சி.டி.பி. (கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாக அச்சு பிளேட் எடுக்கும்) இயந்திரத்தைத் தனி விலானில் சேர்த்தாக வேண்டும். என்ன செய்வது?

பி. எம்., சிவகாசி

பதில்: அன்புள்ள பி. எம்., முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் பார்த்த மூன்று செய்திகளில் எதுவும் யாரோ உள்ளே புகுந்ததன் அடையாளம் அல்ல. நீங்கள் எதையும் கெடுக்கவும் இல்லை. ஸ்விட்சும் ஃபயர்வாலும் நேற்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்கும் கம்ப்யூட்டர் மாறிவிட்டது; மாற்றம் அவ்வளவுதான். ஸ்விட்ச் தன் வேலையைச் செய்வதற்கு அந்தப் பிரவுசர் பக்கம் தேவையே இல்லை. நீங்கள் கடிதம் எழுதிய நேரத்திலும் உங்கள் அச்சகத்தின் கோப்புகள் அதன் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அமைப்பை மாற்றுவதற்கான ஒரு வழி அடைபட்டிருக்கிறது. வேறு வழி இருக்கிறது, அது இதைவிட நல்ல வழியும்கூட. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றுதான்: வாட்ஸ்அப்பில் வந்த அந்த நிறுவல் கோப்பு. அனுப்பிய நண்பரின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 'உங்கள் ஜாவா பழையதாகிவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்துங்கள்' என்று போலி அறிவிப்பு காட்டித் தீய நிரலை ஏற்றிவிடுவது பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. ஆகவே இதை முதலில் முடித்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் ஜாவா என்ற பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் நீக்குங்கள். வாட்ஸ்அப் கோப்பையும் அழியுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். அதை ஓட விடுங்கள். விண்டோஸ் முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே தேடும் சோதனை அது. ஒளிந்திருக்கும் நிரல்களைப் பிடிப்பதில் சாதாரண சோதனையைவிட வலுவானது. அந்த வேலை முடிந்ததும், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும், அந்தக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்த மற்றக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்று ஜாவா பிளக்இன்னை ஏற்பதே இல்லை. எனவே அந்தப் பழைய ஜாவா உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த நாட்களில், நீங்கள் குரோமில் பார்த்த எந்த இணையப் பக்கத்தாலும் அதைத் தொட்டிருக்க முடியாது. ஐ.இ. மோடில் திறந்த பக்கங்களால் மட்டுமே முடியும். நீங்கள் அதில் திறந்தது உங்கள் சொந்த ஸ்விட்சை மட்டும்தான் என்றால், அந்த ஓட்டையின் வழியாக ஆபத்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நிறுவல் கோப்பிலேயே எதையாவது ஒட்டி அனுப்பியிருந்தார்களா என்பதுதான் மீதிக் கேள்வி. அதற்குத்தான் மேலே சொன்ன சோதனை.

இனி இந்த வம்பு எப்படி வந்தது என்று பார்ப்போம். காரணம் புரிந்தால் முதலாளியிடம் நீங்களே நிதானமாக விளக்கலாம்.

உங்கள் ஸ்விட்ச் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பிரவுசருக்குள் படம் வரையவோ, எந்தப் போர்ட்டில் எவ்வளவு போக்குவரத்து என்று நொடிக்கு நொடி காட்டவோ பிரவுசருக்குச் சொந்தத் திறமை போதாது. அந்த வேலைக்கு அப்லெட் (பிரவுசர் பக்கத்துக்குள் இறங்கி ஓடும் சிறு ஜாவா நிரல்) பயன்பட்டது. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது உலகத்தைக் கவர்ந்ததே இந்த அப்லெட்தான். எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் தனியாக நிறுவாமல், பக்கத்தைத் திறந்தாலே கருவி வந்து நிற்கும். ஸ்விட்ச், ஃபயர்வால், யு.பி.எஸ்., சர்வர் கன்சோல் என்று ஏராளமான கருவிகளின் நிர்வாகப் பக்கங்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. அப்லெட்டைப் பிரவுசரோடு இணைப்பது பிளக்இன் (பிரவுசரில் செருகிக்கொள்ளும் துணை நிரல்).

கேடு அங்கேதான் இருந்தது. எங்கிருந்தோ வந்த நிரல் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அது வேலிக்குள்ளேயே நிற்கும் என்று ஜாவா உறுதி சொன்னது. ஆனால் அந்த வேலியில் ஓட்டைக்கு மேல் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஜனவரி 2013-இல் அப்படி ஓர் ஓட்டை, அதை அடைக்க வழி வருவதற்கு முன்பே தாக்குதலுக்குப் பயன்படத் தொடங்கியது. பிரவுசரில் ஜாவாவை முடக்கிவையுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே பொதுமக்களுக்கு அறிவித்தது. அடுத்த மாதம் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் தங்கள் ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் ஜாவா ஓட்டை வழியாகத் தாக்கப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னன. அத்தனை பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களே மாட்டிக்கொண்ட ஆபத்து அது. அதனால்தான் 'மீடியம்' என்று இறக்கியது உங்களுக்குப் பயம் தந்தபோது அந்தப் பயம் சரியானது என்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரப்பும் தன் பங்குக்குக் கதவை இறுக்கியது. சன் நிறுவனத்தை 2010-இல் வாங்கியிருந்த ஆரக்கிள், ஜனவரி 2014-இல் வந்த ஜாவா 7 அப்டேட் 51-இலிருந்து, கையொப்பம் இல்லாத அப்லெட்டுகளையும் தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொண்ட அப்லெட்டுகளையும் இயல்பாகவே தடுத்தது. அதே ஆண்டு வந்த ஜாவா 8 அப்டேட் 20-இல் 'மீடியம்' என்ற அளவையே எடுத்துவிட்டது. உங்கள் நண்பர் குறிப்பாகப் பழைய ஜாவா 7-ஐ அனுப்பியதன் காரணம் இப்போது புரிகிறதா? அவர் சொன்ன அந்த அளவு புதிய ஜாவாவில் கிடையாது. பிரவுசர்கள் பக்கம் பார்த்தால், குரோம் 2015-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் ஜாவா பிளக்இன்னுக்கு இடமில்லை என்றுவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் பிளக்இன்னே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஜூன் 2022-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு கொடுத்தது. விண்டோஸ் 11-இல் அது தனிப் பிரவுசராக வருவதே இல்லை, எட்ஜுக்குள் ஐ.இ. மோடு என்ற வடிவில் மட்டும் இருக்கிறது.

உங்கள் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இந்த மாற்றங்கள் எதையும் பெறாமல் பழைய பிரவுசர், பழைய ஜாவாவோடு ஒரு மூலையில் நின்றது. அதனால் அதில் மட்டும் எல்லாம் திறந்தது. அது போனதும், இத்தனை ஆண்டு இறுக்கங்களும் ஒரே நாளில் உங்கள் தலையில் விழுந்துவிட்டன. முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி மூன்று செய்திகளுக்கும் தனித்தனியாக வருகிறேன். மூன்றும் வெவ்வேறு இடத்தில் விழும் தடைகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. பலர் நாள் முழுவதும் போராடுவது இதை அறியாமல்தான்.

முதல் செய்தி, பிளக்இன் இல்லை என்பது, பிரவுசரின் தடை. குரோமில் என்ன செய்தாலும் இதற்கு வழி கிடையாது, முயல வேண்டாம். நீங்களாகவே ஐ.இ. மோடுக்குப் போனது சரியான முடிவு. எட்ஜின் செட்டிங்ஸில் நீங்களே ஒரு பக்கத்தை ஐ.இ. மோடு பட்டியலில் சேர்த்தால் அது 30 நாட்களுக்கு மட்டும் செல்லும். பிறகு மீண்டும் சேர்க்க வேண்டும். திடீரென்று ஒருநாள் பழையபடி பாதிப் பக்கம் வந்தால் பதற வேண்டாம், தேதியைப் பாருங்கள். இன்னொன்று: ஜாவா 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாக வரும். பிரவுசர் எந்த வகையோ ஜாவாவும் அந்த வகையாக இல்லாவிட்டால், நிறுவியிருந்தும் இல்லை என்றே பிரவுசர் சொல்லும்.

இரண்டாவது செய்தியை அனுப்புவது ஜாவாவேதான். பிரவுசர் அனுமதித்துவிட்டது, ஜாவா அந்த நிரலின் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு மறுக்கிறது. டிஜிட்டல் கையொப்பம் என்றால் இன்னார் செய்த நிரல், செய்த பின் யாரும் இதில் கைவைக்கவில்லை என்பதற்கான கணித முத்திரை. நீங்கள் அச்சகத்தில் இருப்பவர். அச்சாகும் புத்தகத்தில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் போடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெயர் போடாத நோட்டீஸை யாரும் பொறுப்பேற்காத சரக்காகத்தான் பார்ப்போம். பழைய அப்லெட்டுகள் பலவற்றில் பெயரே இருக்காது.

பெயர் இருந்தும் மறுக்கப்படுவது உண்டு, அதுதான் பலரைக் குழப்புவது. கையொப்பத்துக்குப் பயன்பட்ட சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். கையொப்பமிட்ட நேரத்தில் நம்பகமான நேர முத்திரை ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தால், சான்றிதழ் காலாவதியான பிறகும் அந்தக் கையொப்பம் செல்லும். பழைய கருவிகளில் பெரும்பாலும் அந்த முத்திரையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். சில கருவிகளில் கையொப்பம் எம்.டி.5 என்ற பழைய கணித முறையில் இருக்கும். அந்த முறையைப் போலி செய்ய முடியும் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதால், ஏப்ரல் 2017-இல் வந்த ஜாவா 8 அப்டேட் 131 முதல் எம்.டி.5 கையொப்பம் உள்ள நிரல்களைக் கையொப்பமே இல்லாதவையாகத்தான் ஜாவா நடத்துகிறது. நேற்றுவரை ஓடிய கருவி ஓர் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோவது இப்படித்தான்.

இதற்கு முறையான வழியை ஆரக்கிளே வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து, செக்யூரிட்டி என்ற பகுதிக்குப் போனால், அடியில் 'எக்ஸப்ஷன் சைட் லிஸ்ட்' (விதிவிலக்கு முகவரிப் பட்டியல்) இருக்கும். 'எடிட் சைட் லிஸ்ட்' அழுத்தி உங்கள் ஸ்விட்சின் முகவரியைச் சேருங்கள். பாதுகாப்பு அளவு 'ஹை' என்றே இருக்கட்டும். அளவை இறக்கினால் உலகத்திலுள்ள எல்லா முகவரிகளுக்கும் கதவு திறக்கும். பட்டியலில் சேர்த்தால் உங்கள் அறையிலுள்ள ஒரே ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் திறக்கும். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த வித்தியாசம்தான், தம்பி. எந்தக் கருவியிலும், எந்தப் பிழைச் செய்தியிலும், முழு அளவை இறக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பட்டியலில் முகவரி சேர்க்கும்போது பிழை விடுவது சுலபம். வெறும் எண்களை மட்டும் எழுதினால் எடுபடாது, எச்.டி.டி.பி. என்றோ எச்.டி.டி.பி.எஸ். என்றோ, பிரவுசரில் எப்படித் திறக்கிறீர்களோ அதே முன்னொட்டோடு முழுதாக எழுத வேண்டும். வழக்கமில்லாத போர்ட் எண் இருந்தால் அதுவும் வேண்டும். எச்.டி.டி.பி. முகவரியைச் சேர்க்கும்போது, மறையாக்கம் இல்லாத முகவரி என்று ஜாவா ஓர் எச்சரிக்கை காட்டும். உங்கள் ஸ்விட்ச் உள் நெட்வொர்க்கில் மட்டும் இருப்பதால் அதை ஏற்கலாம். சேர்த்த பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். அப்போதும் பழைய செய்தியே வந்தால், ஜாவாவின் ஜெனரல் பகுதியில் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டுப் பாருங்கள். முன்பு இறங்கிய பழைய நிரலையே அது பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜாவாவை மறுபடியும் எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். ஆரக்கிளின் தளத்திலிருந்து மட்டும். இங்கே பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது, முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 2019 முதல் வந்த ஜாவா 8 அப்டேட்டுகளை வீட்டு உபயோகத்துக்கு இலவசமாக வைத்துக்கொள்ளலாம். தொழில் நிறுவனத்தில் பயன்படுத்தக் கட்டண உரிமம் வேண்டும். அதற்கு முன் ஜனவரி 2019-இல் வந்த அப்டேட் 202 பழைய உரிமத்தில் இருப்பது. ஆரக்கிளின் பழைய பதிப்புகள் பகுதியில் கணக்கு ஒன்று தொடங்கி எடுக்கலாம். அதற்குப் பிந்திய பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இருக்காது. ஆகவே அதை நிறுவும் கம்ப்யூட்டர் எது என்பது முக்கியமாகிறது. இதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, ஃபயர்வாலின் செய்தி. இது வேறு ரகம். ஃபயர்வாலை நிர்வகிக்கத் திறக்கும் ஏ.எஸ்.டி.எம். என்பது அப்லெட் அல்ல. கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் ஜாவா நிரல். 'அனேபிள் டு லாஞ்ச் டிவைஸ் மேனேஜர்' என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் பல காரணங்கள் மறைந்திருக்கும். ஃபயர்வாலுக்கும் ஜாவாவுக்கும் இடையே மறையாக்கப் பேச்சு ஒத்துப்போகாததுதான் நான் அதிகம் சந்தித்தது. டி.எல்.எஸ். (இரண்டு கருவிகள் பேசுவதை மூன்றாமவர் கேட்காமல் மறைக்கும் முறை) பல பதிப்புகளாக வந்திருக்கிறது. அதன் 1.0, 1.1 பதிப்புகளை ஏப்ரல் 2021-இல் வந்த ஜாவா 8 அப்டேட் 291 முடக்கியது. உங்கள் 5505-க்குக் கிடைக்கும் கடைசி மென்பொருள் 9.2 வரிசையோடு நின்றுவிட்டது. அதற்குத் தெரிந்தது பழைய பதிப்புதான். இருவருக்கும் பொது மொழி இல்லை. மேலே சொன்ன அப்டேட் 202-க்கு இந்தத் தடை கிடையாது என்பதால் அதில் திறந்துவிட வாய்ப்பு அதிகம்.

அதிலும் திறக்காவிட்டால் ஃபயர்வாலின் உரிமத்தைப் பாருங்கள். கன்சோலில் 'ஷோ வெர்ஷன்' கொடுத்தால் வரும் நீண்ட பட்டியலில் 'வி.பி.என். 3டெஸ் ஏ.இ.எஸ்.' என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே 'டிஸேபிள்ட்' என்றிருந்தால், அந்தப் பெட்டிக்குத் தெரிந்த மறையாக்கம் டெஸ் என்ற மிகப் பழைய, வலுவற்ற முறை மட்டுமே. எந்த ஜாவாவும் அதை ஏற்காது. வலுவான மறையாக்கத்துக்கான உரிமம் சிஸ்கோவிடம் இலவசம். தொடர் எண்ணைக் கொடுத்து வாங்கிப் போட வேண்டும். போட்ட பிறகு 'எஸ்.எஸ்.எல். என்கிரிப்ஷன்' என்ற கட்டளையில் ஏ.இ.எஸ். முறைகளைச் சேர்த்தால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்தக் கடைசிப் படியைப் பலர் மறந்துவிட்டு, உரிமம் போட்டும் வேலை செய்யவில்லை என்பார்கள். புதிய கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி பழையதிலிருந்து மாறியிருந்தால் அதுவும் காரணமாகலாம்: எந்த முகவரியிலிருந்து தன் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம் என்று ஃபயர்வாலில் ஒரு பட்டியல் உண்டு, அதில் பழைய கம்ப்யூட்டரின் முகவரி மட்டும் இருக்கலாம். உண்மையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

கருவிகளின் கடிகாரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். புரோகர்வ் ஸ்விட்சுக்கு நேரம் சொல்லிக்கொடுக்க நெட்வொர்க்கில் யாரும் இல்லாவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது 1990-ஆம் ஆண்டு ஜனவரிக்குத் திரும்பிவிடும். தவறான தேதியில் கருவி தனக்குத்தானே சான்றிதழ் உருவாக்கிக்கொண்டால், அந்தச் சான்றிதழின் தேதிகளும் தவறாகவே இருக்கும். பிரவுசரும் ஜாவாவும் அதைப் பார்த்து மறுக்கும்.

ஜாவாவை எந்தக் கம்ப்யூட்டரில் வைப்பது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி, வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இவையெல்லாம் நடக்கும் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். அச்சகத்தில் எங்காவது ஒதுக்கிவைத்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். அதைத் துடைத்து, விண்டோஸை மறுபடி நிறுவி, இணைய இணைப்பு இல்லாமல் ஸ்விட்சோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். தேவையான நேரத்தில் மட்டும் இயக்குங்கள். தனிக் கம்ப்யூட்டர் இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) போதும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் இணையத்தைத் துண்டித்துவிட்டு, நன்றாக ஓடும் நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். கோப்பைக் கொண்டுபோக யு.எஸ்.பி. ஸ்டிக் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகு செருகுங்கள்.

ஆனால் பி. எம்., உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த அப்லெட்டைத் திறக்க இத்தனை பாடுபட மாட்டேன். முன்பு சொன்ன நல்ல வழி இதுதான்: கன்சோல். ஸ்விட்சின் முகப்பில் கன்சோல் என்று எழுதிய ஒரு போர்ட் இருக்கும். பழைய புரோகர்வ் மாடல்களில் அது ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட். அதற்கான கேபிளும், அதை யு.எஸ்.பி.யில் இணைக்கும் மாற்றியும் மதுரையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஃபயர்வாலின் கன்சோல் போர்ட் நெட்வொர்க் போர்ட்டைப் போலவே இருக்கும். அதற்குப் பெரும்பாலும் வெளிர்நீல நிறத்தில் தட்டையான கேபிள். முன்பிருந்தவர் விட்டுப்போன பெட்டிகளில் தேடுங்கள், கிடைத்தாலும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் புட்டி என்ற இலவச நிரலைத் திறந்து, சீரியல், 9600 வேகம் என்று வைத்து இணையுங்கள். புரோகர்வ் ஒன்றும் காட்டாமல் கறுப்பாக நின்றால் என்டரை இரண்டு முறை அழுத்துங்கள். வேகத்தை அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதில் ஜாவாவும் இல்லை, பிரவுசரும் இல்லை, சான்றிதழும் இல்லை. இருபது ஆண்டுக்குப் பிறகும் இதே கேபிளில் இதே கறுப்புத் திரை வரும். கட்டளைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். புரோகர்வில் 'மெனு' என்று தட்டினால் எழுத்துகளாலான பட்டியல் ஒன்று வரும். அம்புக்குறிச் சாவிகளாலேயே விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) அமைப்புக்குப் போகலாம்.

கட்டளையில் செய்ய விரும்பினால் அதுவும் சிறியதுதான். (கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.) எதையும் மாற்றுவதற்கு முன் புட்டியில் லாக் பதிவை இயக்கிவிட்டு 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கொடுங்கள், ஸ்விட்சின் இப்போதைய அமைப்பு முழுவதும் ஒரு கோப்பாகச் சேர்ந்துவிடும். உங்களிடம் இன்று இல்லாததும், மிகவும் தேவையானதும் அதுதான்: முன்பிருந்தவர் என்ன செய்துவைத்தார் என்ற பதிவு. பிறகு 'கான்ஃபிக்' என்று உள்ளே போய், 'விலான் 20' என்று புதிய விலானைத் தொடங்குங்கள். சி.டி.பி. இயந்திரம் எட்டாவது போர்ட்டில் என்றால் 'அன்டேக்ட் 8' கொடுங்கள். சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகு 'ரைட் மெமரி'. அதைக் கொடுக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் மாற்றம் மறைந்துவிடும். குழப்பம் நேர்ந்தால் அதுவே உங்களுக்குச் சாதகம்: ரைட் மெமரி கொடுக்காத வரை, ஸ்விட்சை அணைத்துப் போட்டால் பழைய நிலை வந்துவிடும். அச்சு ஓடாத நேரத்தில் செய்யுங்கள். சி.டி.பி.க்குக் கோப்பு அனுப்பும் ரிப் கம்ப்யூட்டரும் அதே விலானுக்கு வந்தால்தான் பிளேட் போடும் வேலை தடைபடாது. இயந்திரத்தை மட்டும் தனியே கொண்டுபோய் வைத்துவிட்டு, பிளேட் வரவில்லை என்று திகைக்காதீர்கள்.

கன்சோல் பழகிய பிறகு, இருந்த இடத்திலிருந்தே இணைய எஸ்.எஸ்.எச். (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வைத்துக்கொள்ளலாம். பழைய கருவிகளின் எஸ்.எஸ்.எச். முறைகளையும் புதிய நிரல்கள் சில ஏற்பதில்லை. 2015-இல் வந்த ஓபன்எஸ்.எஸ்.எச். 7.0 அப்படிச் சிலவற்றை நிறுத்தியது. புட்டி எச்சரித்துவிட்டு உங்கள் சம்மதம் கேட்கும். அங்கேயும் அந்த ஒரு கருவிக்கு மட்டும் சம்மதம் கொடுங்கள்.

கடைசியாக, முதலாளியிடம் பேச வேண்டிய விஷயம். ஸ்விட்ச் பழையதானாலும் உள்ளே இருக்கிறது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கன்சோலில் பார்த்துக்கொண்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். ஃபயர்வால் அப்படி அல்ல. அது இணையத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்பது. சிஸ்கோ 5505 விற்பனையை ஆகஸ்ட் 2017-இல் நிறுத்தியது. ஆதரவையும் ஆகஸ்ட் 2022-இல் முடித்துக்கொண்டது. இனி அதில் ஓட்டை தெரியவந்தால் அடைக்கத் திருத்தம் வராது. புதிய ஃபயர்வாலுக்கு ஆகும் செலவை இந்தச் சீசன் வருமானத்திலேயே ஒதுக்கும்படி கேளுங்கள். தயங்கினால், வாடிக்கையாளரின் டிசைன் கோப்புகள் அத்தனையையும் யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிலை வந்தால் அச்சகம் எத்தனை நாள் நிற்கும் என்று அவரே கணக்குப் போடட்டும். வாங்கும்போது நிர்வாகப் பக்கம் ஜாவா எதுவும் இல்லாமல் சாதாரணப் பிரவுசரிலேயே திறக்கிறதா, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும் என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேபிள் கிடைத்ததும் இரண்டு கருவிகளிலும் 'ஷோ வெர்ஷன்' கொடுத்து, வருவதை எனக்கு அனுப்புங்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்தும்படி அடுத்த படிகளைச் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் தொடர் எண்களையும், வெளி ஐ.பி. முகவரியையும் அழித்துவிடுங்கள். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கோப்பை எனக்கும் அனுப்ப வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதில் கடவுச்சொல் வரிகள் இருக்கும்.